தட்டில் இருப்பதும் தோலில் தெரிவதும்: கேள்வி பதில்

முகப்பரு, ரோசேசியா (முகம் சிவந்து எரியும் நோய்), எக்ஸிமா (தோல் வறண்டு அரிக்கும் கரப்பான்), சொரியாசிஸ் (தோல் தடித்துச் செதில் உதிரும் படை) ஆகியவற்றில் உணவுக்கு என்ன பங்கு என்று கேட்டு வந்தவற்றில், ஒன்றையொன்று ஒத்த கேள்விகளைச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். தோல் நோய்களுக்குச் சிகிச்சை அளிப்பது என் தொழில்; ஆயினும் தோலைக் கண்ணால் பார்க்காமல் இன்ன நோய்தான் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது என்பதால், தனிப்பட்ட நோயைப் பற்றிய இடங்களில் பொதுவாகவே பேசியிருக்கிறேன்.

கேள்வி: டாக்டர், பல ஆண்டுகளுக்கு முன் எனக்குப் பரு வந்தபோது, உணவுக்கும் பருவுக்கும் தொடர்பே இல்லை என்றார் அப்போது பார்த்த மருத்துவர். இப்போது என் தங்கைக்கு வந்திருக்கிறது. இவளைப் பார்க்கும் மருத்துவர் இனிப்பைக் குறைக்கச் சொல்கிறார். இருவரில் யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் அவரவர் காலத்தில் கையிலிருந்த சான்றை வைத்தே பேசியிருக்கிறார்கள். தொடர்பில்லை என்ற கருத்து வேரூன்றியதில், 1969-இல் அமெரிக்காவில் வெளியான ஒரு சோதனைக்குப் பெரும் பங்கு உண்டு. பருவுள்ள 65 பேருக்கு நான்கு வாரம் நாள்தோறும் சாக்லேட் செறிந்த இனிப்புக்கட்டியையும், வேறு நான்கு வாரம் சாக்லேட் சேர்க்காத, பார்வைக்கு அதைப் போன்றே இருக்கும் கட்டியையும் கொடுத்துப் பருக்களை எண்ணினார்கள். வேறுபாடு தெரியவில்லை, சாக்லேட்டின் மேல் பழியில்லை என்று தீர்ப்பாயிற்று. ஆனால் சாக்லேட் சேர்க்காத கட்டியிலும் சர்க்கரையும் கொழுப்பும் ஏறத்தாழ அதே அளவில் இருந்தன. கோகோவைப் பற்றிய கேள்விக்கு அந்தச் சோதனை ஓரளவு விடை தந்தது என்றே வைத்துக்கொண்டாலும், சர்க்கரையைப் பற்றிய கேள்வியை அது கேட்கவே இல்லை. அப்படியிருந்தும் ஒரு பண்டத்தைப் பற்றிய அந்த விடையை உணவு முழுவதற்குமாக நீட்டி, ஒரு தலைமுறைக்கும் மேலாக நாங்கள் நோயாளிகளிடம் சொல்லி வந்தோம். எங்கள் துறை பெருமைப்பட்டுக்கொள்ளக்கூடிய செய்தி அன்று.

கேள்வி மறுபடி எழுந்தது 2002-இல். பப்புவா நியூ கினியைச் சேர்ந்த கிடாவா தீவில் 1,200 பேரையும், பராகுவே நாட்டின் ஆச்சே பழங்குடியினர் 115 பேரையும் ஆராய்ந்தவர்கள், அவர்களில் ஒருவருக்குக்கூடப் பரு காணவில்லை என்று எழுதினார்கள். இரு கூட்டத்தாரும் தீட்டிய மாவும் சர்க்கரையும் மிகக் குறைவாக உண்பவர்கள். இதை மட்டும் வைத்து உணவுதான் காரணம் என்று முடிவுகட்டிவிட இயலாது. மரபு, உழைப்பு, உடல் எடை என எல்லாமே அவர்களுக்கு வேறு. ஆயினும் பரு என்பது வளரிளம் பருவத்தோடு தவிர்க்க முடியாமல் வரும் ஒன்று என்ற எண்ணத்தை அது அசைத்துவிட்டது.

இன்றைய நிலையைச் சொல்வதானால், பருவின் அடிப்படை ஹார்மோன், எண்ணெய்ச் சுரப்பி, மயிர்க்காலில் விழும் அடைப்பு, அங்கு வாழும் பாக்டீரியா, பரம்பரை ஆகியவற்றில் இருக்கிறது. அந்த அடுப்பில் சிலருக்கு உணவு விறகு சேர்க்கிறது. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியிலும், குறிப்பிட்ட உணவுமுறை எதையும் பரிந்துரைக்கப் போதிய சான்று இல்லை என்றே எழுதியிருக்கிறது. ஆகவே உங்கள் தங்கை இனிப்பைக் குறைப்பது நல்லதுதான். அதை நம்பி மருந்தை நிறுத்துவது தவறு.

கேள்வி: இனிப்பு வயிற்றுக்குள் போகிறது, பரு முகத்தில் வருகிறது. இடையில் என்னதான் நடக்கிறது?

பதில்: சர்க்கரையும் தீட்டிய மாவும் விரைவில் செரித்து, இரத்தத்தில் குளுக்கோஸைச் சட்டென்று ஏற்றுகின்றன, இவற்றையே கிளைசெமிக் குறியீடு உயர்ந்த உணவு என்கிறோம். குளுக்கோஸ் ஏறினால் இன்சுலின் ஏறுகிறது. இன்சுலின் மிகும்போது, இன்சுலினை ஒத்த வளர்ச்சிக் காரணியான ஐஜிஎஃப்-1 செயல்படும் அளவும் கூடுகிறது. அதோடு, ஆண்மை ஹார்மோன்களைப் பிடித்து வைத்திருக்கும் ஒரு புரதத்தைக் கல்லீரல் குறைவாகச் சுரப்பதால், அந்த ஹார்மோன்கள் கட்டவிழ்ந்து உலவுகின்றன. இவை எல்லாம் சேர்ந்து எண்ணெய்ச் சுரப்பியைப் பெருக்கவும், மயிர்க்காலின் வாயிலுள்ள செல்களைத் தடிக்கச் செய்யவும் வல்லவை. கருமுட்டைப்பையில் நீர்க்கட்டிகள் உள்ள பெண்களுக்குப் பரு மிகுவதிலும் இன்சுலினுக்குப் பங்குண்டு.

இந்த விளக்கத்துக்கு ஒரு வலுவான சாட்சி, உணவோடு தொடர்பே இல்லாத இடத்திலிருந்து வருகிறது. லாரோன் நோய்க்குறி என்ற அரிய பரம்பரைக் கோளாறு உள்ளவர்களின் உடலில் ஐஜிஎஃப்-1 மிகக் குறைவு. சிகிச்சை பெறாத அவர்களுக்குப் பரு வருவதில்லை, அதே ஐஜிஎஃப்-1 மருந்தாக அளவுக்கு மீறிக் கொடுக்கப்படும்போது வருகிறது. இதைப் படித்த பிறகுதான் எனக்கே இந்த விளக்கத்தில் நம்பிக்கை பிறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

மனிதர்களிடம் நேரடியாகச் செய்த சோதனைகளில் முக்கியமானது 2007-இல் ஆஸ்திரேலியாவில் வந்தது. 15 முதல் 25 வயது வரையிலான 43 ஆண்களில் ஒரு பகுதியினருக்குக் குறைந்த கிளைசெமிக் சுமையுள்ள, அதாவது குளுக்கோஸை அதிகம் ஏற்றாத உணவு 12 வாரம் தரப்பட்டது. அவர்களுக்குச் சராசரியாக 23.5 பருக்கள் குறைந்தன, வழக்கம்போல் உண்டவர்களுக்கு 12 குறைந்தன. இந்த எண்களில் இரண்டு செய்திகள் மறைந்திருக்கின்றன. ஒன்று, எதையும் மாற்றாமல் இருந்தவர்களுக்கும் பரு குறைந்திருக்கிறது. பரு தானாகவே ஏறி இறங்கும் நோய் என்பதால், 'நான் இதை விட்டேன், சரியாயிற்று' என்ற தனிமனிதச் சாட்சியை அப்படியே நம்ப முடியாமல் போவது இதனால்தான். மற்றொன்று, உணவு மாற்றியவர்கள் எடையும் இழந்திருந்தார்கள். பலன் உணவின் தன்மையால் வந்ததா, எடை குறைந்ததால் வந்ததா என்று பிரித்தறிய வழியில்லை. பிறகு 2012-இல் கொரியாவில் 32 பேரிடம் 10 வாரம் செய்த ஆய்வில், பரு குறைந்ததோடு, தோல் துணுக்கை எடுத்துப் பார்த்தபோது எண்ணெய்ச் சுரப்பியின் பருமனும் சுருங்கியிருந்தது.

கேள்வி: பால் குடித்தால் பரு வரும் என்கிறார்கள். கொழுப்பு நீக்கிய பாலுக்கு மாறினால் போதுமா?

பதில்: பால் குறித்த சான்றில் பெரும்பகுதி, கூர்ந்து பார்த்துக் கணக்கெடுத்த ஆய்வுகளிலிருந்து வந்தது, ஒரு சாராருக்குப் பால் கொடுத்து, மற்றவருக்குக் கொடுக்காமல் நடத்திய நல்ல சோதனைகள் இல்லை. 2005-இல் 47,355 அமெரிக்கச் செவிலியரிடம் பள்ளிப் பருவத்து உணவை நினைவுகூரச் சொல்லிக் கேட்ட ஆய்வில், பால் மிகுதியாகக் குடித்தவர்களிடம் கடுமையான பரு சற்றே மிகுந்திருந்தது. பல ஆண்டுகளுக்கு முன் எத்தனை குவளை குடித்தோம் என்பதை யார்தான் சரியாக நினைவில் வைத்திருப்பார்கள் என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்வி. 2018-இல் 14 ஆய்வுகளை, 78,529 இளையோரின் கணக்கை, ஒன்றுசேர்த்துப் பார்த்தபோதும் பால் அருந்துவோரிடம் பருவுக்கான வாய்ப்பு விகிதம் 1.28 மடங்கு என வந்தது. தொடர்பு இருக்கிறது, சிறியது என்பதே இதன் பொருள்.

கொழுப்பு நீக்கிய பாலில் அத்தொடர்பு குறையவில்லை, சற்றே கூடியிருந்தது. ஆகவே கொழுப்பு இங்கே காரணமாகத் தெரியவில்லை. பாலின் புரதங்கள் இன்சுலினையும் ஐஜிஎஃப்-1-ஐயும் தூண்டுவது காரணமாக இருக்கலாம் என்று கருதுகிறார்கள். பரு கடுமையாக இருந்து, பால் மிகுதியாகக் குடிப்பவராகவும் இருந்தால், சில மாதம் குறைத்துப் பார்ப்பதில் பிழையில்லை. ஆனால் எலும்பு வளரும் வயதில் பாலை நிறுத்துகிறவர் கால்சியத்துக்கும் புரதத்துக்கும் வேறு வழி வைத்துக்கொண்டுதான் நிறுத்த வேண்டும்.

கேள்வி: நான் உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போகிறேன். மூன்று மாதமாக வே புரதப் பொடி எடுக்கிறேன். முதுகிலும் தோளிலும் பெரிய பருக்கள் வருகின்றன. தொடர்பு இருக்குமா?

பதில்: இருக்க வாய்ப்புண்டு. வே என்பது பாலிலிருந்து பிரித்தெடுத்த புரதம். அதை எடுக்கத் தொடங்கியபின் பரு கிளம்பி, நிறுத்தியபின் அடங்கிய இளைஞர்களைப் பற்றிய குறிப்புகள் மருத்துவ இதழ்களில் வந்திருக்கின்றன. நிறுத்திவிட்டு இரண்டு மூன்று மாதம் பாருங்கள். இதில் இழப்பதற்கு ஒன்றுமில்லை, ஏனெனில் அந்தப் புரதம் பயறு, முட்டை, மீன் எதிலும் கிடைக்கும். இன்னொன்றையும் கேட்டே ஆக வேண்டும்: தசை வளர்க்கும் ஸ்டீராய்டு ஊசியோ மாத்திரையோ எடுக்கிறீர்களா? தோளிலும் முதுகிலும் பெரும் பருக்களை மளமளவென்று கிளப்புவதில் அதற்கு ஈடு எதுவும் இல்லை. உங்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

கேள்வி: எண்ணெயில் பொரித்ததைத் தின்றால் முகத்தில் எண்ணெய் வடியுமா?

பதில்: வடியாது. முகத்து எண்ணெயைச் சுரப்பி தானே உருவாக்குகிறது; வாணலி எண்ணெய் அங்கு கசிந்து வருவதில்லை. பொரித்த பண்டங்களோடு சேர்ந்து போகும் மாவும் இனிப்புப் பானமும் வேறு கதை.

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. பருவுக்குப் பயந்து முதலில் சாக்லேட், பிறகு பால், பிறகு கோதுமை, பிறகு பழம்கூட வேண்டாம் என்கிறாள். எடை குறைந்துவிட்டது, பரு மட்டும் அப்படியே இருக்கிறது. நான் என்ன செய்வது?

பதில்: இங்கே வந்த கேள்விகளில் எனக்கு மிகவும் கவலை தந்தது இதுதான். பரு ஓர் உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை; வளரும் வயதில் உணவு மேல் பிறக்கும் அச்சம் சில நேரங்களில் அப்படி ஆகிவிடுகிறது. முதலில் அவளை ஒரு குழந்தை மருத்துவரிடமோ குடும்ப மருத்துவரிடமோ காட்டி, எடை, உயரம், இரத்தச்சோகை, மாதவிடாய் ஒழுங்கு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். சாப்பிட்டதை மறைப்பது, உணவுக்குப் பின் கழிவறையில் நேரம் கழிப்பது, எடையைப் பற்றியே ஓயாமல் பேசுவது போன்றவை தென்பட்டால் மனநல மருத்துவரின் உதவியையும் தள்ளிப்போடாதீர்கள்.

பருவுக்கு முறையான மருந்துகள் இருக்கின்றன. அடபலீன், பென்சாயில் பெராக்சைடு போன்ற பூச்சுகளைத் தவறாமல் தடவினால், எட்டு முதல் பன்னிரண்டு வாரங்களில் பெரும்பாலோருக்கு நல்ல வேறுபாடு தெரியும். இந்தச் சிகிச்சையைத் தொடங்கி, 'உன் சாப்பாட்டில் பிழையில்லை, இந்த மருந்து உன் பருவைக் கவனித்துக்கொள்ளும்' என்று அவளிடம் ஒரு மருத்துவர் வாய்விட்டுச் சொன்னால், பாதிச் சுமை இறங்கிவிடும். வீட்டில் எவரும் அவள் தட்டைப் பார்த்துப் பருவைப் பற்றிப் பேசாமல் இருப்பதும் முக்கியம். பெரும்பாலும் அது அன்பால் சொல்லப்படுவதுதான், ஆனால் கேட்கிற பிள்ளைக்குக் குற்றச்சாட்டாகவே படும்.

கேள்வி: எனக்கு 42 வயது. கன்னமும் மூக்கும் சிவந்து எரிகின்றன. ரோசேசியா என்றார் மருத்துவர். காபியை விட்டுவிடச் சொன்னார்கள். காபி இல்லாமல் எனக்குப் பொழுது விடியாது. வேறு வழியே இல்லையா?

பதில்: நல்ல செய்தி சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைப்பது அரிது; இது அவற்றில் ஒன்று. 1981-இல் ரோசேசியா உள்ளவர்களிடம் ஓர் எளிய சோதனை செய்தார்கள். 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் காபி கொடுத்தபோது முகம் சிவந்தது. அதே சூட்டில் வெறும் வெந்நீர் கொடுத்தபோதும் சிவந்தது. 22 டிகிரிக்கு ஆறிய காபியைக் கொடுத்தபோது சிவக்கவில்லை. காபியிலுள்ள கஃபீனைத் தனியாகக் கொடுத்தபோதும் சிவக்கவில்லை. சூடுதான் காரணம், காபிக்குப் பங்கில்லை என்பது இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும், தவிர்க்க வேண்டியவற்றின் பட்டியல்களில் காபி இன்றும் முதல் வரியிலேயே நிற்கிறது. 2018-இல் 82,737 பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஓர் அமெரிக்க ஆய்வு இன்னும் ஒரு படி மேலே போயிற்று: நாளொன்றுக்கு நான்கு குவளையோ அதற்கு மேலோ காபி குடித்தவர்களுக்கு, குடிக்காதவர்களைவிட ரோசேசியா வரும் வாய்ப்பு நூற்றுக்கு 23 அளவு குறைந்திருந்தது. கஃபீன் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதால் இப்படி இருக்கலாம். இதற்காகக் காபியை மருந்தென்று குடிக்க வேண்டாம். ஆறவைத்துக் குடியுங்கள், அது போதும்.

கேள்வி: ரோசேசியாவுக்கு மற்ற உணவுக் கட்டுப்பாடுகள் என்ன? மிளகாய், தக்காளி, இலவங்கப்பட்டை, மது என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறதே?

பதில்: பட்டியல் நீளுவதற்குக் காரணம், ஒருவரைத் தூண்டும் பொருள் மற்றவரைத் தூண்டாமல் இருப்பதுதான். அமெரிக்காவின் தேசிய ரோசேசியா சங்கம் 1,066 நோயாளிகளிடம் கேட்டபோது, நூற்றுக்கு 81 பேர் வெயிலையும், 79 பேர் மன உளைச்சலையும், 75 பேர் வெப்பமான காலநிலையையும் சொன்னார்கள். மதுவை 52 பேரும், காரமான உணவை 45 பேரும், சூடான பானத்தை 36 பேரும் குறிப்பிட்டார்கள். வெயில் காப்புக் களிம்பு தடவாமல் தக்காளியைத் துறப்பது, கூரை ஒழுகும்போது சன்னலைச் சாத்துவது போலத்தான்.

ஆயினும் உணவுத் தூண்டல்களுக்கு உண்மையான உடலியல் அடிப்படை உண்டு. மிளகாயின் கேப்சைசின், சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான் தட்டி எழுப்புகிறது. அதனால் காரம் தின்றால் உடல் சூடுபட்டது போலவே நடந்துகொள்கிறது, முகத்தின் இரத்தக் குழாய்கள் விரிகின்றன. இலவங்கப்பட்டையிலுள்ள சினமால்டிஹைடும் அதைப் போன்ற இன்னொரு ஏற்பியின் வழியே வேலை செய்கிறது. மதுவைப் பொறுத்தவரை, முன்பே சொன்ன அமெரிக்கப் பெண்களின் கூட்டத்திலேயே வெள்ளை ஒயினும் வடித்தெடுத்த மதுவும் அருந்துவோருக்கு ரோசேசியா வருவது கூடுதலாக இருந்தது. அதற்காக ரோசேசியா உள்ளவரெல்லாம் குடிப்பவர்கள் என்று எண்ணுவது பெரும் அநியாயம். மதுவையே தொட்டறியாத பலர் சிவந்த மூக்கின் பொருட்டு அந்தப் பழியைச் சுமக்கிறார்கள்.

ஒரு சிறு குறிப்பேட்டில் முகம் சிவந்த நேரத்தையும், அதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தில் உண்டது, குடித்தது, இருந்த இடம், வெயில், கோபம் எல்லாவற்றையும் நான்கு வாரம் எழுதுங்கள். மூன்று முறைக்குமேல் திரும்பத் திரும்ப வருவதை மட்டும் நிறுத்திப் பாருங்கள். இந்த நோயில் முகம் சிவப்பது நிமிடக் கணக்கில் நடந்துவிடுவதால் குறிப்பேடு பலிக்கிறது. பருவுக்கு இதே முறை பலிக்காது, ஏனெனில் இன்று தெரியும் பரு பல வாரங்களுக்கு முன்பே தோலுக்குள் உருவாகத் தொடங்கியது, நேற்றுத் தின்றதற்கும் அதற்கும் முடிச்சுப் போட முடியாது.

கேள்வி: எனக்கு இருப்பது பருவா ரோசேசியாவா என்பதையே எப்படி அறிவது?

பதில்: பருவில் அடைபட்ட துளைகள், அதாவது கறுப்பும் வெள்ளையுமான சிறு முனைகள், தென்படும், ரோசேசியாவில் அவை இருக்காது, எரிச்சலும் வந்து போகும் சிவப்பும் முன்னிற்கும். கருந்தோலில் சிவப்பு எளிதில் புலப்படாததால் பலருக்கு இந்நோய் கண்டுபிடிக்கப்படாமலே போகிறது. அத்தகையோர் எரிச்சலையும் வெப்ப உணர்வையும் சொல்லியே மருத்துவரின் கவனத்தை ஈர்க்க வேண்டியிருக்கும்.

கேள்வி: என் ஏழு மாதக் குழந்தைக்குக் கன்னத்திலும் முழங்கையிலும் எக்ஸிமா. ஒவ்வாமைப் பரிசோதனையில் பால், முட்டை, கோதுமை மூன்றும் 'பாசிட்டிவ்' என்று வந்திருக்கிறது. மூன்றையும் நிறுத்திவிட்டோம். சரிதானே?

பதில்: தயவுசெய்து அவசரப்படாதீர்கள். எக்ஸிமா உள்ள குழந்தைகளில் பலருக்கு இந்தப் பரிசோதனை, ஒவ்வாமையே இல்லாதபோதும் 'பாசிட்டிவ்' என்று காட்டும். உடல் அப்பொருளை அடையாளம் கண்டிருக்கிறது என்பதை மட்டுமே அது சொல்கிறது. தின்றால் தீங்கு வரும் என்று சொல்வதில்லை. இதுவரை முட்டையைத் தின்று ஒன்றும் ஆகாத குழந்தைக்கு, காகிதத்தில் வந்த ஒரு சொல்லைப் பார்த்து முட்டையை நிறுத்துவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தொடர்ந்து உண்டுவந்ததால் உடலுக்கு இருந்த பொறுத்துக்கொள்ளும் தன்மை, நிறுத்திய சில மாதங்களில் போய்விடக்கூடும். பிறகு தற்செயலாக உண்ணும்போது உதடு வீங்கி மூச்சுத் திணறும் அளவுக்குக் கடும் ஒவ்வாமை வந்த குழந்தைகள் உண்டு.

2015-இல் வெளியான ஓர் ஆய்வு இத்துறையின் எண்ணத்தையே புரட்டிப் போட்டது. கடும் எக்ஸிமாவோ முட்டை ஒவ்வாமையோ உள்ள, 4 முதல் 11 மாத வயதுடைய 640 குழந்தைகளில் ஒரு பாதிக்கு நிலக்கடலையை அறவே தவிர்த்தார்கள். மறுபாதிக்கு ஒழுங்காகக் கொடுத்துவந்தார்கள். ஐந்து வயதில் பார்த்தபோது, தவிர்த்தவர்களில் நூற்றுக்கு 17.2 பேருக்கும், உண்டவர்களில் 3.2 பேருக்கும் நிலக்கடலை ஒவ்வாமை இருந்தது. தவிர்த்துக் காக்கலாம் என்று நாங்கள் அதுவரை சொல்லிவந்த அறிவுரை நேர்மாறான பலனைத் தந்திருக்கிறது. வெடித்த தோலின் வழியே உடலுக்குள் நுழையும் உணவுத் துகள் ஒவ்வாமையை வளர்க்கிறது, வாய்வழியே போகும் அதே உணவு உடலைப் பழக்குகிறது என்பது இப்போதைய கருத்து. அப்படியானால் ஒவ்வாமையைத் தடுக்க விரும்புகிறவர், தட்டுக்கு முன்னதாகத் தோலைக் கவனிக்க வேண்டும்: தாராளமாக ஈரப்பதக் களிம்பு, அழற்சி உள்ள இடத்தில் மருத்துவர் சொன்ன ஸ்டீராய்டு பூச்சு, தேவையான நாள்வரை.

ஓர் உணவை உண்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, வாந்தி, வீக்கம் வந்தால் அது வேறு. அந்த உணவை உடனே நிறுத்தி ஒவ்வாமை நிபுணரைப் பாருங்கள். அப்படி எதுவும் நடந்ததில்லை என்றால், எவற்றை எப்படித் திரும்பக் கொடுப்பது என்பதை அவரிடம் கேட்டு, நிறுத்தி நாளாகிவிட்டதானால் அவர் முன்னிலையிலேயே தொடங்குங்கள். ஏழு மாதக் குழந்தைக்குப் பாலும் முட்டையும் கோதுமையும் ஒருசேர இல்லாமற்போனால் வளர்ச்சி தடைப்படக்கூடும் என்பதையும் மறக்க வேண்டாம்.

கேள்வி: ஐஜிஜி என்ற இரத்தப் பரிசோதனையில் நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஒரே தடவையில் முடிவு தருகிறார்கள். தோல் நோய்க்கு அதைச் செய்யலாமா?

பதில்: வேண்டாம். ஐஜிஜி எதிர்ப்புப் புரதம் இருந்தால் அந்த உணவை நீங்கள் உண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அதை அறியப் பணம் செலவிட வேண்டியதில்லை.

கேள்வி: ஆறு மாதமாக நாள்தோறும் உடம்பெல்லாம் தடித்துத் தடித்து அரிக்கிறது. எந்த உணவால் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை.

பதில்: ஆறு வாரத்துக்கு மேல் தொடரும் தடிப்புகளுக்கு உணவு ஒவ்வாமை மிக அரிதாகவே காரணம், உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தன்னையே தூண்டிக்கொள்வதுதான் பெரும்பாலும். நீங்கள் கண்டுபிடிக்க முடியாததற்குக் காரணம், கண்டுபிடிக்க அங்கே ஒன்றும் இல்லாததுதான். தேடுவதை விட்டு, தூக்கம் தராத ஒவ்வாமை எதிர்ப்பு மாத்திரையை நாள்தோறும், போதிய அளவில் எடுப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

கேள்வி: சொரியாசிஸ் உள்ளவர்கள் கோதுமையை விட்டால் குணமாகும் என்று பலர் எழுதுகிறார்கள். என் எடை 104 கிலோ. எனக்கு எது உதவும்?

பதில்: எடையைக் குறைப்பது. அமெரிக்காவின் தேசிய சொரியாசிஸ் அறக்கட்டளை 2018-இல் வெளியிட்ட உணவுப் பரிந்துரைகளில், உறுதியாகச் சொன்னது மிகை எடை உள்ளவர்கள் எடை குறைக்க வேண்டும் என்பதைத்தான். கோதுமையிலுள்ள புரதமான குளூட்டனைத் தவிர்ப்பதை, இரத்தப் பரிசோதனையில் குளூட்டன் எதிர்ப்பு தெரிந்தவர்களுக்கு மட்டுமே, அதுவும் தயக்கத்தோடு சொன்னது. கொழுப்புத் திசு அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரக்கிறது. சொரியாசிஸும் அதே அழற்சியின் ஒரு முகம். மேலும், உடல் எடை மிகும்போது சில மருந்துகளின் பலனும் குறைகிறது. 2013-இல் வெளியான ஒரு சோதனையில் மிகை எடையுள்ள 60 நோயாளிகளில் பாதிப் பேர் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் எடை குறைத்தார்கள். படையின் அளவில் கண்ட முன்னேற்றம், தற்செயல் அன்று என்று சொல்லத் தேவையான புள்ளியியல் எல்லையை எட்டாமல் நின்றுவிட்டது, ஆனால் அவர்களின் அன்றாட வாழ்க்கைத் தரம் தெளிவாக மேம்பட்டது. சொரியாசிஸுக்குத் தரப்படும் மெத்தோட்ரெக்ஸேட் மருந்தை எடுப்பவராக இருந்தால் மது வேண்டாம். கல்லீரல் இரண்டையும் ஒருங்கே தாங்காது.

கேள்வி: முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் சிறு கொப்புளங்கள், தாங்க முடியாத அரிப்பு. கோதுமையை நிறுத்திப் பார்க்கலாமா?

பதில்: நிறுத்துவதற்கு முன் தோல் மருத்துவரைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் இடங்களும் அரிப்பும் டெர்மடைட்டிஸ் ஹெர்பெட்டிஃபார்மிஸ் என்ற நோயை நினைவூட்டுகின்றன. குளூட்டனால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோயின் தோல் வடிவமான இதில், உணவே நோய்க்குக் காரணம், குளூட்டனை வாழ்நாள் முழுதும் நீக்குவதே சிகிச்சை என்று எந்தத் தயக்கமும் இல்லாமல் சொல்லலாம். இந்தப் பக்கத்தில் நான் அப்படிச் சொல்லக்கூடிய ஒரே நோய் இதுதான். ஆனால் கொப்புளத்தை ஒட்டிய, பார்வைக்கு நலமாகத் தெரியும் தோலிலிருந்து துணுக்கெடுத்தும், இரத்தத்தில் எதிர்ப்புப் புரதங்களைப் பார்த்தும்தான் இதை உறுதி செய்ய வேண்டும். நீங்கள் முன்கூட்டியே கோதுமையை நிறுத்திவிட்டால் பரிசோதனைகள் பொய்க்கக்கூடும். உறுதியானபின் உணவு மாற்றத்தின் பலன் தெரிய மாதக்கணக்கில் ஆகும். அதுவரை டாப்சோன் என்ற மாத்திரை சில நாட்களிலேயே அரிப்பை அடக்கும்.

கேள்வி: தோல் பொலிவுக்கென்று பயோட்டின், பி12, துத்தநாகம், கடற்பாசி மாத்திரை எல்லாம் எடுக்கிறேன். இவற்றால் பரு கூடுமா?

பதில்: கூடலாம். பி12 மிகுந்தால் பருவின் பாக்டீரியா அழற்சியைத் தூண்டும் பொருள்களை அதிகம் சுரப்பதாக 2015-இல் ஓர் ஆய்வு காட்டியது. குறைபாடு உள்ளவர்கள் அதற்காக நிறுத்தக் கூடாது, குறைபாடு இல்லாதவர்களுக்கு அது தேவையில்லை. கடற்பாசியில் அயோடின் மிகுதி; அது பரு போன்ற சீழ்க்கட்டிகளைக் கிளப்பும். துத்தநாகம் அழற்சியுள்ள பருவுக்குச் சிறிது உதவலாம், ஆனால் குமட்டல் வரும், நீண்ட நாள் மிகையாக எடுத்தால் உடலில் தாமிரம் குறையும். பயோட்டினில் பலரும் அறியாத ஆபத்து ஒன்று உண்டு: மிகை அளவில் எடுத்தால், தைராய்டு சோதனையையும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோப்போனின் சோதனையையும் பிழையாகக் காட்டச் செய்யும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2017-இல் இதைப் பற்றி எச்சரித்தது. இரத்தம் கொடுக்கும்முன் நீங்கள் எடுப்பதை ஆய்வகத்தில் சொல்லுங்கள்.

கேள்வி: நாளொன்றுக்கு நான்கு லிட்டர் தண்ணீர் குடித்தால் தோலின் நச்சு வெளியேறிப் பரு போகுமா?

பதில்: போகாது. தாகத்துக்குக் குடியுங்கள்.

கேள்வி: விட்டிலிகோ என்ற வெண்புள்ளி நோய் உள்ளவர் வெள்ளை நிற உணவுகளைத் தவிர்க்க வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. நிறமிச் செல்களை உடலின் நோய் எதிர்ப்பாற்றல் தாக்குவதால் வருவது அது. உணவின் நிறம் தோலுக்கு வந்து சேர்வதில்லை. இதற்கு ஒரு வேடிக்கையான விலக்கு உண்டு: கேரட்டை நாள்தோறும் ஏராளமாகத் தின்பவர்களின் உள்ளங்கை மஞ்சளாகும். கண்ணின் வெண்மை மாறாமல் இருந்தால் அது மஞ்சள் காமாலை இல்லை. கேரட்டைக் குறைத்தால் சில மாதங்களில் போய்விடும்.

கேள்வி: பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் எழுதியிருக்கிறார்கள், என் தம்பிக்கு டாக்ஸிசைக்ளின். இவற்றை எடுக்கும்போது உணவில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இரண்டுக்கும் விதி வெவ்வேறு. ஐசோட்ரெட்டினோயின் கொழுப்பில் கரைவது. வெறும் வயிற்றில் எடுப்பதைவிடக் கொழுப்புள்ள உணவோடு எடுத்தால் இரு மடங்குக்கும் மேலாக உடலில் சேர்கிறது. பருவுக்குப் பயந்து கொழுப்பை அறவே விட்டவர்கள் இந்த மாத்திரையையும் வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, மருந்து வேலை செய்யவில்லை என்று வருவதைப் பார்த்திருக்கிறேன். அதோடு வைட்டமின் ஏ மாத்திரை எடுக்கக் கூடாது, இரண்டும் ஒரே குடும்பம், நஞ்சாகும். பெண்ணாக இருந்தால், இந்த மருந்தை எடுக்கும் காலத்தில் கருத்தரிக்கவே கூடாது. கருவிலுள்ள குழந்தைக்குக் கடுமையான பிறவிக் குறைபாடுகள் உண்டாகக்கூடும்.

உங்கள் தம்பியின் மாத்திரையைப் பால், இரும்புச்சத்து மாத்திரை, அமில முறிவு மருந்து ஆகியவை பிடித்துக்கொண்டு உடலில் சேரவிடாமல் தடுக்கும். சில மணி நேர இடைவெளி விடச் சொல்லுங்கள். குமட்டினால் பால் கலவாத உணவுக்குப் பின் எடுக்கலாம். ஒரு முழுக் குவளை தண்ணீரோடு, நிமிர்ந்து உட்கார்ந்து விழுங்க வேண்டும்; விழுங்கியவுடன் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். வெயிலிலும் எளிதில் தோல் கன்றும் என்பதால் காப்புக் களிம்பு தடவிக்கொள்ளச் சொல்லுங்கள்.